தஅனித்: உண்ணாவிரதமா, நோன்பா?

அக்டோபர் பிறந்தால் 1973ஆம் ஆண்டு அரபு இஸ்ரேல் போரை நினைவுகூரும் கட்டுரைகள் தமிழில் வரத் தொடங்கிவிடும். யூதர்களின் பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூரன்று அவர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல் மீது தாக்குதல் தொடுத்தன என்னும் வாக்கியம் அவற்றில் எப்படியோ வந்து அமர்ந்துகொள்கிறது. அதைப் படிக்கும் ஒருவர், இஸ்ரேலியர் எல்லாரும் பந்தல் போட்டு அமர்ந்து எந்தக் கோரிக்கைக்காக, யாரை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள் என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஏறியிருக்கும் பொருள் அதுதான். பல ஆண்டுகளாக இந்தச் சொல்லாட்சியைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அண்மையில் யோம் கிப்பூருக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்று விளக்கும் ஒரு மொழிபெயர்ப்பில் ‘உண்ணாவிரதத்துக்கு முந்தைய விருந்து’ என்ற தொடரைக் கண்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

யூதர்கள் அந்நாளில் மேற்கொள்ளும் நோன்புக்கு எபிரேயத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ட்ஸோம். அரபியில் சவ்ம் என்று வழங்கும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. மற்றொன்று தஅனித். வருத்துதல், தாழ்த்துதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களில் ட்ஸோம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. யோம் கிப்பூரைக் கட்டளையிடும் லேவியராகமம் 16, 23 ஆகிய அதிகாரங்கள் ‘உண்ணாதே’ என்று சொல்வதில்லை. ‘உங்கள் உயிரை வருத்துங்கள்’ என்றே சொல்கின்றன. பழைய தமிழ் விவிலியம் அதை ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துதல் என்று பெயர்த்தது. அந்த அளவில் அது மூலத்தை விட்டு விலகவில்லை. தஅனித் என்ற பெயர்ச்சொல் எபிரேய விவிலியத்தில் ஒரே ஒருமுறை, எஸ்ரா 9:5இல் வருகிறது. பிற்காலத்தில், யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஒரு பகுதிக்கே அது பெயராகி, நோன்பு நாள் எதற்கும் உரிய பொதுச்சொல்லாக நிலைத்தது. எனவே நமக்கு வேண்டிய தமிழ்ச்சொல்லின் மையத்தில் இருக்க வேண்டியது வருத்தத்தைத் தாங்குதல். உணவு அதன் ஒரு பகுதி மட்டுமே.

உண்ணாவிரதம் என்ற சொல் பொருளற்றது என்றோ இழிந்தது என்றோ நான் சொல்லவில்லை. 1956இல் தமிழ்நாடு என்ற பெயருக்காக விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார் உயிர் துறந்ததும், 1987இல் நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாமல் இறந்ததும் அச்சொல்லுக்குக் கனத்தைக் கொடுத்திருக்கின்றன. (காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் நடுவே முடிந்துபோன உண்ணாவிரதங்கள் அந்தக் கனத்தைக் குறைத்ததும் உண்டு.) ஆனால் கனமாயினும் லேசாயினும் அந்தச் சொல்லுக்கு எதிரே ஒருவர் நின்றாக வேண்டும்: கோரிக்கையை ஏற்கவேண்டிய அரசோ, நிறுவனமோ. யூத நோன்பில் எதிரே நிற்பவர் யாரும் இல்லை. நோற்பவர் கணக்குக் கேட்பது தம்மிடமே. இந்த வேறுபாட்டை எபிரேயம் தெளிவாகவே வைத்திருக்கிறது. போராட்டத்துக்காக உண்ணாதிருப்பதற்கு இக்கால எபிரேயத்தில் ‘ஷெவிதத் ராஅவ்’ என்று பெயர். பசிவழி வேலைநிறுத்தம் என்பது அதன் சொற்பொருள். அதை ட்ஸோம் என்றோ தஅனித் என்றோ சொல்லிக் குழப்பிக்கொள்வதில்லை. அவர்கள் பிரித்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பவர் ஒன்றாக்கித் தருவது எவ்வகை நேர்மை என்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னால், தூய தமிழில் எழுதுவோர் உடனே ‘உண்ணாநிலை’ என்ற சொல்லை நீட்டுவார்கள். விரதம் வடசொல், அதை எடுத்துவிட்டால் பழுது நீங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். என் பார்வையில் இது இன்னும் மோசமானது. உண்ணாவிரதத்தில் விரதம் என்ற சொல்லாவது ஏதோ ஒரு கட்டுப்பாட்டை, உறுதியைக் குறிக்கிறது. உண்ணாநிலையில் எஞ்சுவது வெறும் வயிறு மட்டும்தான். குருதிப் பரிசோதனைக்குப் போகுமுன் இருப்பதும் உண்ணாநிலைதான். யோம் கிப்பூரில் விலக்கப்படுபவை எவை என்று மிஷ்னாவின் யோமா பகுதி எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் சொல்கிறது: உண்பதும் பருகுவதும், குளிப்பது, எண்ணெய் பூசுவது, காலணி அணிவது, மணவுறவு. உண்பதையும் பருகுவதையும் ஒன்றாகக் கொண்டு இவற்றை ஐந்து வருத்தங்கள் என்று எண்ணுவது மரபு. காலணி என்றது தோல் காலணியைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டதால், தொழுகைக்கூடத்தில் வெள்ளை அங்கி தரித்த முதியவர்கள் துணிக் காலணியோடு நிற்பதை இன்றும் காணலாம். யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் ஒன்பதாம் நாளில், எருசலேம் ஆலயம் இருமுறை அழிந்ததற்காகத் துக்கம் காக்கும் திஷா பெஆவ் நோன்பிலும் இதே ஐந்தும் உண்டு. போதாததற்கு, தோரா கற்பது மகிழ்ச்சி தரும் என்பதால், துக்கத்துக்குரிய பகுதிகளைத் தவிர அதுவும் அன்று விலக்கு. உண்ணாநிலை என்ற சொல் இவற்றில் எதைத் தாங்கும்?

இதைவிட வலுவான சான்றும் உண்டு. யூத மரபில் ‘தஅனித் திப்பூர்’ என்றொரு நோன்பு இருக்கிறது. திப்பூர் என்றால் பேச்சு. ஒரு நாள் முழுதும் பேச்சை அடக்கி, வழிபாட்டுக்கும் ஓதுதலுக்கும் மட்டும் நாவைப் பயன்படுத்துவது அது. இதைப் ‘பேச்சு உண்ணாநிலை’ என்று எழுதத் துணிபவர் எவரும் இருக்கமாட்டார் என்று நம்புகிறேன். மௌன நோன்பு என்றால் தமிழில் எல்லாருக்கும் விளங்கும். நோன்பு என்ற சொல் உணவைக் கட்டிக்கொண்டு பிறந்ததன்று என்பதே காரணம். நோன்றல் என்றால் பொறுத்தல். ‘உற்றநோய் நோன்றல்’ என்று தவத்துக்கு இலக்கணம் சொல்லும்போது திருக்குறள் பேசுவது இந்தப் பொறுத்தலைத்தான். ‘உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின்’ என்ற குறளையும் பாருங்கள். நோற்றலுக்கு உண்ணாமை இயல்பான பொருளாக இருந்தால் ‘உண்ணாது’ என்ற அடை அங்கே தேவைப்பட்டிராது. அடுத்த அடியில் அதே வினை, கடுஞ்சொல்லைப் பொறுப்பதற்கு வருகிறது. வருத்தம் என்ற வேரில் பிறந்த தஅனித்துக்கு, பொறுத்தல் என்ற வேரில் பிறந்த நோன்பைவிட நெருங்கிய சொல் கிடைக்குமா என்று நான் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

நோன்புக்கு ஆயத்தமாகும் முறையும் இதையே காட்டுகிறது. யோம் கிப்பூரும் திஷா பெஆவும் ஒரு மாலை கதிர் மறைவதில் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிப்பவை. துளி நீரும் கூடாது. எஸ்தர் நோன்பு, கெதலியா நோன்பு முதலிய சிறு நோன்புகள் விடியலில் தொடங்கி இரவில் முடிபவை. பெரிய நோன்பைத் தாங்குவதற்கு யூதக் குடும்பங்கள் செய்யும் ஏற்பாடுகளில் முதலாவது, காப்பியைச் சில நாள் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குறைப்பது. திடீரென்று நிறுத்தினால் நோன்பன்று தலைவலி மண்டையைப் பிளக்கும். மருத்துவ இதழ்களில் ‘யோம் கிப்பூர் தலைவலி’ என்ற பெயரே வழக்கில் உள்ளது. முந்தைய நாள் முழுதும் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பார்கள். உப்பும் காரமும் குறைந்த உணவை உண்பார்கள். ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதரிடையே, கிராம்பு செருகிய சீமை மாதுளையைத் தொழுகைக்கூடத்துக்கு எடுத்துச் சென்று முகர்வது ஒரு வழக்கம். நறுமணத்துக்கென்று இறைவனை வாழ்த்தும் ஓர் உரை உண்டு; உணவில்லாத நாளில், உண்ணும்போது சொல்லப்படாமல் விடுபடும் வாழ்த்துரைகளின் எண்ணிக்கையை அது ஈடுசெய்கிறது, சோர்வையும் தணிக்கிறது. இவையெல்லாம் தாங்குவதற்கான ஏற்பாடுகள்.

நோயாளியின் நிலை இன்னும் தெளிவானது. உயிரைக் காப்பது நோன்பினும் மேலான கடமை என்பது யூதச் சட்டம். உண்ணாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், உண்ண மறுப்பதே அங்கு பிழை. 1848இல் இன்றைய லித்துவேனியாவிலுள்ள வில்னாவில் காலரா பரவியபோது, யூத மதகுருவான ரப்பி இஸ்ரயேல் சலாந்தர் யோம் கிப்பூரன்று மக்களை உண்ணும்படி சொன்னதாக ஒரு செய்தி வழிவழியாக வழங்குகிறது. சிறிது உணவு போதும் என்ற நிலையிலிருப்பவர், கொட்டையோடு கூடிய பெரிய பேரீச்சம்பழ அளவை எட்டாமல், இடைவெளிவிட்டுச் சிறுசிறு கவளமாக உண்ணலாம்; ஏறத்தாழ 30 மில்லிலிட்டர், ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படி உண்பவரும் அந்நாளின் மற்ற வருத்தங்களை இயன்றவரை ஏற்று அந்நாளுக்குள்ளேயே இருக்கிறார். உண்ணாநிலை என்று எழுதினால் முதல் கவளத்திலேயே அவர் வெளியே தள்ளப்பட்டுவிடுவார்.

உபவாசம், விரதம் ஆகிய இரண்டையும் வடசொல் என்ற ஒரே காரணத்துக்காக நான் தள்ளவில்லை. உபவாசம் என்றால் அருகில் தங்கியிருத்தல். வேள்விக்கு முந்தைய நாள் தீயின் அருகே தங்கும் வழக்கத்தில் பிறந்த சொல் அது. சீர்திருத்தத் திருச்சபையினரின் பேச்சில் ஊறிவிட்டதால் அவர்கள் எழுதும்போது அதைக் குறை சொல்லமாட்டேன். விரதத்தில் இருக்கும் இடர் வேறு. தமிழில் விரதம் என்றால் முதலில் குளிக்க வேண்டும். பாலும் பழமும் உண்ணலாம், தண்ணீருக்குத் தடை பெரும்பாலும் இல்லை. யூத நோன்பிலோ குளிப்பதே விலக்கு, தண்ணீரும் விலக்கு. திருப்பாவையின் நோன்பிலும் விடியலில் நீராடுவது உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் நெய்யும் பாலும் உண்ணோம், மையிடோம், மலர் சூடோம் என்று உணவையும் ஒப்பனையையும் ஒரே மூச்சில் விலக்குவதும் அங்கேதான் இருக்கிறது. உணவோடு ஒப்பனையும் சேர்ந்த விலக்கைப் பாவை நோன்பு என்றே தமிழ் மரபு அழைத்து வருகிறது என்பது என் வாதத்துக்குப் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஆஷூரா நோன்பைப் பற்றிய நபிமொழியில், மதீனாவில் யூதர்கள் நோன்பு நோற்பதை நபிகள் கண்டு காரணம் கேட்ட செய்தி வருகிறது. தமிழ் முஸ்லிம்கள் அதை எப்போதும் நோன்பு என்றே சொல்லி வருகிறார்கள். ஆக, யூதரின் ட்ஸோமுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் வழங்குகிறது. தமிழ்நாட்டிலேயே புழங்கும் இந்த வழக்கைத் திரும்பிப் பாராமல், ஆங்கில அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கொங்கு நாட்டில் ‘நோம்பி’ என்றால் திருவிழா என்றும், காரடையான் நோன்பில் அடையும் வெண்ணெயும் உண்பதே சடங்கு என்றும் ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆயினும் யூத நோன்புக்கு அது பொருந்தாத சுமையன்று. திஷ்ரி மாதம் பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்றால், ஒன்பதாம் நாள் உண்பது கட்டளை. ஒன்பதாம் நாள் உண்டு பருகியவரை, ஒன்பதும் பத்தும் ஆகிய இரு நாளும் நோன்பிருந்தவராக வேதம் கருதுகிறது என்று, மிஷ்னாவையும் அதன் விரிவுரையையும் கொண்ட தல்மூது சொல்கிறது. உண்பதையும் நோன்பின் பகுதியாகக் கொள்ளும் மரபுக்கு, உண்பதையும் உள்ளடக்கிப் பழகிய சொல் இடைஞ்சல் செய்யாது. ‘உண்ணா’ என்று தொடங்கும் சொல்தான் செய்யும்.

துணைச்சொற்களையும் சொல்லிவிடுகிறேன். நோன்புக்கு முன் உண்ணும் கடைசி உணவுக்கு ‘செஉதா மஃப்செகெத்’ என்று பெயர். உண்பதை நிறுத்தி வரம்பிடும் உணவு என்பது பொருள். இதை விருந்து என்பது தவறு. யோம் கிப்பூருக்கு முன் அது கோழிச்சாறும் இறைச்சி பொதிந்த மாவுருண்டையுமாக நிறைவாக இருக்கலாம்; திஷா பெஆவுக்கு முன்போ, தரையில் அமர்ந்து அவித்த முட்டையையும் சாம்பலில் தொட்ட ரொட்டியையும் தனித்தனியே உண்கிறார்கள். இறுதி உணவு என்றால் இயேசுவின் இராவுணவு நினைவுக்கு வரும். வரம்புணவு என்பது என் பரிந்துரை. புதுச்சொல் வேண்டாம் என்பவர் நோன்புக்கு முந்தைய உணவு என்று எழுதட்டும். முடிப்பதைக் குறிக்க ‘நோன்பை முறித்தார்கள்’ என்று எழுதுவது ஆங்கிலத்தின் நிழல். தமிழில் நோன்பை முறித்தவர் பாதியில் கைவிட்டவர். பாரசீக யூதர் துருவிய ஆப்பிளில் ரோஜாப் பன்னீர் கலந்து உண்டு செய்வது நோன்பு திறத்தல். இந்தச் சொல்லையும் நமக்குத் தமிழ் முஸ்லிம்கள் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, ‘ட்ஸோம் கல்’ என்ற வாழ்த்து. யோம் கிப்பூருக்கு முன் இஸ்ரேலில் கடைக்காரர்கூட இதைச் சொல்லித்தான் மீதிச் சில்லறை தருவார். இதை ‘லேசான விரதம்’ என்று பெயர்ப்பவர்கள், ஏதோ அரைநாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். ‘கல்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு இலேசு, எளிது என்ற பொருள் உண்டு. எளிதாக வேண்டும் என்று வாழ்த்துவது நோன்பின் அளவையன்று, அதைத் தாங்குவதை. ‘நோன்பு எளிதாகட்டும்’ என்று எழுதினால் போதும். திஷா பெஆவன்று மட்டும் இந்த வாழ்த்தையும் எழுத வேண்டாம். துக்க நாளாகையால் அன்று ஒருவரையொருவர் முகமன் கூறுவதே வழக்கமில்லை.