கூட்டினால் எட்டு வருகிற எண்ணில் என்ன இருக்கிறது?

புது வண்டி எடுக்கிறவர்கள் பதிவெண் வந்ததும் முதலில் செய்வது அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது. "அண்ணே, கூட்டுனா எட்டு வருது, வேற நம்பர் கெடைக்குமான்னு கேளுங்க" என்ற பேச்சு மதுரையில் எந்த ஷோரூமுக்குப் போனாலும் காதில் விழும். 4211 என்றால் 4+2+1+1 = 8, ஆகாது. 9674 என்றால் 26, அதையும் கூட்டினால் 8, அதுவும் ஆகாது. இரண்டு இலக்கத்தில் விடை வந்தால் ஒற்றை இலக்கம் ஆகும்வரை திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும் என்பது விதி.

இந்தக் கூட்டல் செய்வது ஒரே ஒரு வேலைதான். எண்ணை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி வருமோ, அதைச் சொல்கிறது. 1000 என்பது 999+1. 100 என்பது 99+1. 10 என்பது 9+1. ஆகவே 4211-இல் உள்ள நாலாயிரத்திலிருந்து நான்கு 999-களையும், இருநூறிலிருந்து இரண்டு 99-களையும், பத்திலிருந்து ஒரு 9-ஐயும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 4, 2, 1, 1. எடுத்ததெல்லாம் ஒன்பதின் மடங்கு. மிஞ்சிய எட்டுதான் மீதி. வகுத்தே பார்க்கலாம்: 467 × 9 = 4203, மீதி 8. மீதி எதுவும் வராவிட்டால் கூட்டுத்தொகை 9 என்று நிற்கும். 'எட்டு நம்பர் வண்டி' என்பதன் முழுப் பொருள், அதன் எண் ஒன்பதின் மடங்குக்கு ஒன்று குறைவு என்பது மட்டுமே.

0001 முதல் 9999 வரை இப்படி எட்டு வருகிறவை எத்தனை? 9999-ஐ ஒன்பதால் வகுத்தால் 1111. ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு விடைக்கும் சரியாக 1111 எண்கள். எட்டுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த 1111-ஐப் பிரித்தால், நேராக 8 வருபவை 165, முதலில் 17 வந்து எட்டாகிறவை 660, 26 வந்து எட்டாகிறவை 282, 35 வந்து எட்டாகிறவை நான்கே நான்கு: 8999, 9899, 9989, 9998. ஒரே பார்வையில் எட்டு என்று தெரிபவை குறைவு. பெரும்பாலானவை இரண்டாம் கூட்டலில்தான் மாட்டுகின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கூட்டுகிறவர்கள் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் கூட்டுகிறார்கள். பலகையில் அதற்கு முன்னால் வட்டார அலுவலக எண்ணும் இருக்கிறதே? மதுரை தெற்குக்கு 58, வடக்குக்கு 59, மத்திக்கு 64. 59-ஐக் கூட்டினால் 14, அதாவது 5. 58-க்கு 4. 64-க்கு 1. இவற்றையும் சேர்த்தால், வடக்கு அலுவலகத்தில் பதிவான 4211 எட்டாக இருக்காது; 8+5 = 13, விடை 4. அந்த அலுவலக எண்ணோடு சேர்ந்து எட்டாவது, கடைசி நான்கு இலக்கம் 3 வருகிற வண்டிதான். தெற்கில் 4 வருகிறது, மத்தியில் 7 வருகிறது எட்டாகும். நடுவில் வரும் வரிசை எழுத்துக்கும் மதிப்புப் போட்டால் மறுபடி எல்லாம் இடம் மாறும். எந்த இலக்கத்திலிருந்து கூட்டத் தொடங்குவது என்பதைக் கூட்டுகிறவரே முடிவு செய்கிற வரைக்கும், எந்த வண்டி எட்டு என்பதும் அவர் முடிவுதான். வண்டிக்கும் சாலைக்கும் அதில் பங்கில்லை.

எட்டின் மேல் பழி எப்படி வந்தது? எட்டு சனியின் எண் என்பதால். ஆனால் நவக்கிரகங்களை வழக்கமான வரிசையில் சொல்லிப் பாருங்கள்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, ராகு, கேது. சனி ஏழாவது, எட்டாவது ராகு. ஞாயிறிலிருந்து எண்ணினால் கிழமையிலும் சனி ஏழாவதே. சனிக்கு எட்டைக் கொடுக்கும் அட்டவணை, கீரோ என்ற பெயரில் புகழ்பெற்ற அயர்லாந்துக்காரர் வில்லியம் ஜான் வார்னர் (1866-1936) பரப்பிய எண் சோதிடத்தில் இருப்பது. அவர் நான்கை யுரேனசுக்கும் ஏழை நெப்டியூனுக்கும் கொடுத்தார். யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1781-இல், நெப்டியூன் 1846-இல். நம் ஊர்ப் புழக்கத்தில் அந்த இடங்களில் ராகுவும் கேதுவும் உட்கார்ந்துகொண்டார்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரரைப் பார்க்கப் போகிறவர்களின் கணக்கு ராசிக் கணக்கு. பதிவெண் கணக்கு வேறு ஊரிலிருந்து வந்து அதோடு ஒட்டிக்கொண்டது.

கீரோவின் எண் சோதிடத்தில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எழுத்து அட்டவணையையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துகளில் மதுரைக்கு எம் 4, ஏ 1, டி 4, யு 6, ஆர் 2, ஏ 1, ஐ 1. மொத்தம் 19, அதாவது 1. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கடைசி ஐ இல்லாமல் 'மதுரா' என்று எழுதினார்கள். அப்போது 18, அதாவது 9. ஊரும் வைகையும் அப்படியேதான் இருந்தன, எழுத்துக்கூட்டு மட்டும் மாறியது. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லும்போது நடப்பதும் இதுவே. அதை நம்பி ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் பாஸ்புக்கில் ஒரு மாதிரி என்று பெயர் நின்றுவிட்டால், கடனுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகும்போது அலைய வேண்டியிருக்கும். அந்தக் கஷ்டம் நிஜமானது.

'ஏழரையைக் கூட்டிட்டான்' என்று நாம் சொல்லும் ஏழரைக்கு மட்டும் வானத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சனிக் கோள் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. அதை முப்பது என்று வைத்து 12 ராசிக்குப் பங்கிட்டால் ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு; பிறந்த ராசிக்கு முந்தையது, பிறந்தது, அடுத்தது என மூன்றுக்கும் சேர்த்து ஏழரை. சனியின் ஓட்டத்தை அளந்தவர்கள் நன்றாகவே அளந்திருக்கிறார்கள். ஆனால் பலனுக்கு வரும்போது எத்தனை பேர் அதில் அடங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்த நாளிலும் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை. அதோடு பிறந்த ராசியிலிருந்து எண்ணி, சனி நான்கில் நின்றால் அர்த்தாஷ்டமம், ஏழில் நின்றால் கண்டகம், எட்டில் நின்றால் அஷ்டமம். மொத்தம் ஆறு ராசி, பன்னிரண்டில் பாதி. வீட்டில் நான்கு பேர் இருந்தால் யாராவது ஒருவருக்கு ஏதோ ஒரு சனி பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். கெட்டது நடந்த அன்று காரணம் தேடினால் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று கிடைப்பது அதனால்தான்.

வண்டிக்கும் அதே நிலைமை. பதிவெண், எஞ்சின் எண், சேசிஸ் எண், இன்சூரன்ஸ் பாலிசி எண், உரிமையாளரின் செல்போன் எண் என ஐந்தை எடுத்து, இலக்கங்களை மட்டும் கூட்டுவோம். ஒன்றில் எட்டு வராமலிருக்க ஒன்பதில் எட்டு வாய்ப்பு. ஐந்திலும் வராமலிருக்க அந்தப் பின்னத்தை ஐந்து தடவை பெருக்க வேண்டும். 55 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக நூற்றில் 44 வண்டிகளுக்கு எங்காவது ஓர் எட்டு ஒளிந்திருக்கும். விபத்துக்கும் எட்டுக்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்க நான்கு கட்டம் வேண்டும்: எட்டும் விபத்தும், எட்டு ஆனால் விபத்து இல்லை, எட்டு இல்லை ஆனால் விபத்து, இரண்டும் இல்லை. டீக்கடையில் பேசப்படுவது முதல் கட்டம் மட்டுமே. மற்ற மூன்றையும் எண்ணாமல் முதலாவதுக்கு அர்த்தம் கிடையாது.

பேச்சில் புழங்கும் எல்லா எண்ணும் இப்படி இல்லை. ஏமாற்றுக்காரனைச் சொல்லும் நானூற்றி இருபதுக்கு நேரான பிறப்பு உண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). கேலிப் பேச்சில் இன்னும் பழைய எண்தான்.

சரி, இலக்கங்களைக் கூட்டுவது வீண் வேலையா? இல்லவே இல்லை, இடம் தெரிந்து பயன்படுத்தினால் அருமையான கருவி. கீழமாசி வீதி மாதிரி மொத்த வியாபாரம் நடக்கும் இடத்தில், 48 மூட்டை, மூட்டை 1,325 ரூபாய், மொத்தம் 63,600 என்று பில் வருகிறது. 48-க்கு 3. 1325-க்கு 2. பெருக்கினால் 6. 63600-ஐக் கூட்டினால் 15, அதுவும் 6. பொருந்துகிறது. பில்லில் 63,500 என்றிருந்தால் 5 வந்து தவறைக் காட்டிக்கொடுக்கும். கண்டபடி விழுந்த தவறுகளில் ஒன்பதுக்கு எட்டு இதில் பிடிபடும்.

பேரேடு இடிக்கும்போதும் ஒன்பது உதவும். இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்பதால் வகுங்கள். மீதியில்லாமல் போனால் முதலில் தேட வேண்டியது இலக்கம் இடம் மாறிய பதிவை. 5940-ஐ 5490 என்று எழுதினால் வித்தியாசம் 450. ஒன்பதால் வகுத்தால் 50. அந்த 50, பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 5 வித்தியாசம் என்று சொல்கிறது. கடைசிச் சுழியை விட்டு 594 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 5346. ஒன்பதால் வகுத்தால் அதே 594 வந்து நிற்கும். அந்தத் தொகையைப் பேரேட்டில் தேடினால் போதும்.

இதே காரணத்தால் பெருக்கல் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. 63,600-ஐ 66,300 என்று மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 6 தான், தவறு தப்பிவிடும். எண்ணைத் தவறாக எழுதினால் காட்டிக்கொடுப்பதற்காக வைத்திருக்கும் ஆதார் எண்ணின் 12-ஆம் இலக்கம் வெறும் கூட்டலால் கிடைப்பதல்ல. வெர்ஹூஃப் முறை என்ற தனிக் கணக்கால் கிடைக்கிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அது விடாமல் பிடிக்கும். கடைக் கணக்குக்கு அவ்வளவு வேண்டாம், பதினொன்றின் சோதனை போதும். வலமிருந்து இடமாக ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 48-க்கு 8−4 = 4. 1325-க்கு 5−2+3−1 = 5. பெருக்கினால் 20, அதில் 11 போக 9. 63600-க்கு 0−0+6−3+6 = 9, சரி. 66300-க்கு 0−0+3−6+6 = 3, மாட்டிக்கொண்டது. இடையில் விடை சுழிக்குக் கீழே போனால் 11-ஐக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு சோதனையையும் சேர்த்துப் போட்டால் 99-இன் மடங்காக விழுந்த தவறு மட்டுமே தப்பும். ஓர் இலக்கத்தை நடுவில் விட்டு அதன் இருபுறமும் உள்ளவை மாறுவது அந்த வகை: 63,600-க்குப் பதில் 60,630. வித்தியாசம் 2,970, அதாவது 99 × 30. அந்த இடத்தில் மறுபடி பெருக்கிப் பார்ப்பதுதான் வழி.