400 மில்லிகிராம் வைட்டமின் ஈ என்ன செய்யும்?

முடி கொட்டுகிறதா, முகத்தில் தழும்பா, கெண்டைக்கால் இழுக்கிறதா, அந்தப் பச்சை கேப்ஸ்யூலைப் போடச் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். மருந்துக் கடையில் சீட்டு காட்டாமலே வாங்கிவிடலாம். வெறும் சத்துதானே என்று மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் பலர். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஈ சுமார் 15 மில்லிகிராம். பரவலாக விற்கும் கேப்ஸ்யூலில் இருப்பது 400. அது செயற்கையாகத் தயாரித்தது, அதில் ஏறக்குறைய பாதிதான் உடலுக்குப் பயன்படும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் தேவையைவிடப் பத்து மடங்குக்கு மேல். இந்த அளவில் அது மருந்து. மருந்தாகவே அதை மதிக்க வேண்டும்.

வைட்டமின் ஈ செய்யும் வேலை உண்மையில் அருமையானது. நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எலக்ட்ரான் ஒன்று குறைந்த ஃப்ரீ ராடிக்கல் அங்கே வந்தால், பக்கத்துக் கொழுப்பிலிருந்து அதைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது தனக்கு அடுத்ததிடம் பறிக்கும். ஓலைக் குடிசைகளில் தீ கூரைக்குக் கூரை தாவுவதைப்போலச் சவ்வு நெடுகச் சேதம் பரவும். கொழுப்பில் கரைவதால் வைட்டமின் ஈ அந்தச் சவ்வுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து, சங்கிலியை அந்த இடத்திலேயே அறுக்கிறது. இழந்ததை அதற்குத் திருப்பித் தருவது வைட்டமின் சி.

இவ்வளவு நல்ல காவலன் என்றால், கூடுதலாகக் கொடுத்தால் புற்றுநோயும் மாரடைப்பும் குறையாதா? நியாயமான கேள்விதான். ஆனால் பதில் வேறு மாதிரி வந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. தினமும் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ எடுத்தும் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. புராஸ்டேட் புற்றுநோய் மட்டும் குறைந்திருந்தது. அந்த நம்பிக்கையைச் சோதிக்கவே 'செலெக்ட்' ஆய்வு 2001-ல் தொடங்கியது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். கொடுத்தது நம் கடைகளில் விற்கும் கேப்ஸ்யூலின் அதே அளவு. பலன் தெரியாததால் 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். கண்காணிப்பு மட்டும் தொடர்ந்தது. 2011-ல் வந்த கணக்கில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. தடுக்கும் என்று நம்பிய அதே நோய்! அமெரிக்கா வகுத்திருக்கும் உச்சவரம்பு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம். செலெக்ட்டில் கொடுத்தது அதற்கு வெகு கீழே. வரம்புக்குள் இருந்தால் பயமில்லை என்று எண்ணிவிட முடியாது.

நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கே ஃப்ரீ ராடிக்கல்களைத் தயாரிக்கின்றன. அவற்றை முழுக்க எதிரியாக்கிப் பேசும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு ஆபத்து ரத்தத்தில். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். அதிக அளவு வைட்டமின் ஈ அதன் வேலையைக் கெடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு வரலாம். பின்லாந்து ஆய்விலேயே மூளை ரத்தக்கசிவால் இறந்தவர்கள், வைட்டமின் ஈ எடுத்த பக்கத்தில்தான் அதிகம்.

பயன்படும் இடங்களும் உண்டு. கொழுப்புக் கல்லீரல் அழற்சி வரை முற்றிய, சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. தினம் 800 சர்வதேச அலகு (IU) வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குக் கல்லீரல் தேறியது, மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கல்லீரல் மருத்துவர். கொழுப்பைக் குடல் உறிஞ்ச முடியாத நோய் உள்ளவர்களுக்கும் இது அவசியம். பற்றாக்குறை நீடித்தால் நரம்புகள் கெட்டு நடை தள்ளாடும்.

தழும்புக்குத் தடவுவது? 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பெரும்பாலான தழும்புகளில் மாற்றமில்லை அல்லது தோற்றம் மோசமானது. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது.

ஒரு கைப்பிடி பாதாமில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் 5-க்கு மேல். வேர்க்கடலையிலும் கீரையிலும் கொஞ்சம் கொஞ்சம். ஏற்கெனவே கேப்ஸ்யூல் எடுத்துவருகிறவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.