டிசேபிள்: முடக்குதல்

“குரோமில் ஏஐயை டிசேபிள் செய்துவிடுங்கள், இடம் மிச்சமாகும்” என்னும் அறிவுரையை வேலூர்க் கணினிக் கடைகளிலும் காட்பாடி மாணவர் விடுதிகளிலும் இப்போது கேட்கலாம். இதில் வரும் ‘டிசேபிள்’ என்னும் ஆங்கிலச் சொல், எளிதில் கையாளத்தக்கது என்று பொருள்படும் ‘ஹபிலிஸ்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஏபிள்’ என்பதோடு, எதிர்மறை தரும் ‘டிஸ்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து உருவானது. செயல்படும் திறனை இல்லாமற் செய்வது அதன் பொருள்.

தமிழில் இதற்கு ‘செயலிழக்கச் செய்தல்’ என்றும் எழுதுகிறார்கள். பொருள் பிழையில்லை, ஆனால் ஒரு பொத்தானின் மேல் எழுத அது நீளம். ‘முடக்கு’ என்பதே பொருத்தமானது. அடங்கு, அடக்கு என்பதைப் போல, தானே மடங்குவது முடங்கு, பிறிதொன்றை மடங்கச் செய்வது முடக்கு. சுருட்டி அனுப்பிய ஓலைக் கடிதத்துக்கு ‘முடங்கல்’ என்று பெயர். மூட்டுப் பிடிப்புக்குக் கொடுக்கும் முடக்கத்தான் கீரையின் பெயரிலும் இதே வேர்தான். ‘முடம்’ என்று மனிதரைக் குறிப்பதை இன்று தவிர்க்கிறோம் என்பதற்காக இவ்வினைச்சொல்லையும் ஒதுக்க வேண்டியதில்லை.

பழைய வடாற்காட்டின் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர் ஒருவர் “சரக்கு முடங்கிவிட்டது” என்றால், சரக்கு அழிந்துவிட்டதாக யாரும் கொள்வதில்லை. அது கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு, விலை போகாமல் கிடக்கிறது என்றே கொள்கிறோம். ஆகவே முடக்குதல் வேறு, நீக்குதல் வேறு. குரோம் உலாவியில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கும் இடம் மிச்சமாவதில்லை.

குரோம் உலாவி, தகுதியுள்ள கணினிகளில் ‘ஜெமினி நானோ’ என்னும் மொழி மாதிரியை, அதாவது உரையைப் புரிந்துகொண்டு எழுதித்தரும் ஏஐயை, தானாகவே இறக்கி வைக்கிறது. அதன் முதன்மைக் கோப்பு ஏறத்தாழ 4 ஜிபி; இறக்குவதற்குக் கணினியின் சேமிப்பு வட்டில் 22 ஜிபியேனும் காலியாக இருக்க வேண்டும், பின்னர் காலியிடம் 10 ஜிபிக்குக் கீழே போனால் உலாவியே அதை அகற்றிவிடும். 128 ஜிபி வட்டுள்ள பழைய மடிக்கணினியில் 4 ஜிபி என்பது சிறிய இடமன்று. கோப்பைத் தேடிப்பிடித்து நீக்கினால் மட்டும் போதாது; வசதி இயங்கும் நிலையிலேயே இருந்தால் உலாவி அதை மீண்டும் இறக்கிக்கொள்ளும். புதிய பதிப்புகளில், அமைப்புகளுக்குள் ‘சிஸ்டம்’ பகுதியில், சாதனத்திலேயே இயங்கும் ஏஐக்கான விசையை அணைத்தால் மாதிரியும் அகலும், மறுபடி இறங்குவதும் நிற்கும். விசைக்கு ‘முடக்கு’ என்று பெயரிட்டாலும் இங்கே நடப்பது முடக்கலும் நீக்கலும் சேர்ந்த வேலை.

பக்கப் பலகத்தில் திறக்கும் ஜெமினி உரையாடலின் நிலை வேறு. அது நம் கணினியில் அன்றி, கூகுளின் வழங்கிகளில் (சர்வர்களில்) இயங்குவது. அதை முடக்கினால் கருவிப்பட்டையில் ஒரு பொத்தான் குறையுமே தவிர, வட்டில் சொல்லும்படியான இடம் கிடைக்காது.