கைரேகை இல்லை, எண்கள் மட்டும்தான் என்கிறார்கள்

பள்ளியில் கைரேகை வைத்தோ முகத்தைக் காட்டியோ வருகை பதியும் கருவி வரும்போது, பெற்றோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல் ஒன்று உண்டு. குழந்தையின் கைரேகைப் படத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை; அதை எண்களாக மாற்றி, அந்த எண்களை மட்டுமே சேமிக்கிறோம்; அந்த எண்களிலிருந்து யாராலும் கைரேகையைத் திரும்ப உருவாக்க முடியாது. இந்த மூன்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவது உண்மையல்ல. அது ஏன் உண்மையல்ல என்று புரிந்துகொள்ள, கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகள், குழந்தை கருவில் இருக்கும்போது மூன்றாம் மாத வாக்கில் உருவாகத் தொடங்கி, ஆறாம் மாதத்துக்குள் நிலைபெற்றுவிடுகின்றன. சுழியா, வளைவா என்ற பொதுவடிவத்தில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு வரியும் எங்கே நிற்கிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற நுணுக்கங்கள், அந்தச் சில வாரங்களில் தோல் வளர்ந்த வேகத்தையும் அதன்மேல் விழுந்த அழுத்தத்தையும் பொறுத்து அமைகின்றன. ஒரே மாதிரி இருக்கும் இரட்டையருக்கும் கைரேகை வேறுபடுவது இதனால்தான்.

மாணவி கட்டைவிரலைக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறாள். கீழிருந்து ஒளி பாய்கிறது. வரியின் மேடு தகட்டைத் தொடும் இடத்தில் ஒளி ஒருவிதமாகவும், பள்ளத்தில் காற்று இருக்கும் இடத்தில் வேறுவிதமாகவும் திரும்புகிறது. இப்படி அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்ற நுட்பத்தில் ஒரு சாம்பல்நிறப் படம் கிடைக்கிறது. மென்பொருள் அந்தப் படத்தைத் தெளிவாக்கி, ஒவ்வொரு வரியையும் ஒற்றைப் புள்ளி அகலக் கோடாக மெலிய வைத்து, இரண்டு வகை இடங்களைத் தேடுகிறது: வரி முடியும் இடம், வரி கிளைக்கும் இடம். நல்ல பதிவு ஒன்றில் இப்படி முப்பது, நாற்பது இடங்கள் தேறும். ஒவ்வொன்றுக்கும் அது எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் பார்க்கிறது, எந்த வகை என்று குறித்துக்கொண்டு, படத்தை விட்டுவிடலாம். மிஞ்சுவது சில நூறு பைட் அளவிலான எண்வரிசை. துறையில் இதை வார்ப்புரு என்கிறார்கள்.

மறுநாள் அவள் விரலை வைக்கும்போது இன்னொரு எண்வரிசை உருவாகிறது. நேற்றைய வரிசையும் இன்றைய வரிசையும் ஒன்றாக இருக்காது. விரல் சற்றுத் திரும்பியிருக்கும், அழுத்தம் கூடியிருக்கும், நகத்தோரம் மை ஒட்டியிருக்கும். ஆகவே கருவி, இரண்டு புள்ளிக் கோலங்களை மெல்லிய தாளில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் பொருத்துவதுபோல, எத்தனை புள்ளிகள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன என்று எண்ணி ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் அது அவள். தாண்டாவிட்டால் அவள் இல்லை.

இந்த 'ஏறக்குறைய' என்பதில்தான் தரவுப் பாதுகாப்பின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

ஒழுங்காக நடத்தப்படும் இணையதளம் நம் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஹாஷ் எனப்படும் ஒருவழிக் கணக்கின் விடையை மட்டும் வைத்துக்கொள்கிறது. கடவுச்சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும். விடையிலிருந்து சொல்லுக்குத் திரும்பிப் போக நேர்வழி கிடையாது. கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்கிறோம் என்பதால் இந்த முறை வேலை செய்கிறது. விரலை ஒவ்வொரு முறையும் அப்படியே வைக்க யாராலும் முடியாது. கைரேகையை அதே ஒருவழிக் கணக்கில் போட்டால், நேற்றைய விடைக்கும் இன்றைய விடைக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. எனவே வார்ப்புருவை ஒப்பிடக்கூடிய வடிவத்திலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பூட்டி, குறியாக்கம் செய்து வைக்கலாம். ஆனால் வழக்கமான கருவிகளில் ஒப்பிடும் நேரத்தில் அதைத் திறந்தாக வேண்டும். திறக்கும் சாவியும் எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

அப்படித் திறந்த வார்ப்புரு ஒருவர் கையில் கிடைத்தால்? இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் இதைச் செய்து காட்டினார்கள். சர்வதேசத் தர வடிவில் சேமித்த வார்ப்புருவை மட்டும் எடுத்துக்கொண்டு, முனைகளையும் கிளைகளையும் இணைக்கும் வரிகளைக் கணித்து, முழுக் கைரேகைப் படத்தை வரைந்தார்கள். அசலோடு அது நூற்றுக்கு நூறு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகவும் தேவையில்லை. கருவி கேட்பது ஏறக்குறையப் பொருத்தம்தானே! அந்தப் படங்கள் கைரேகை ஒப்பிடும் மென்பொருள்களைப் பெருமளவில் ஏமாற்றின. முக வார்ப்புருவிலிருந்து அந்த நபரை ஒத்த முகத்தை மீட்டெடுக்கும் ஆய்வுகளும் பிறகு வந்துவிட்டன.

இதைச் சரிசெய்ய வழி தேடியவர்களும் உண்டு. சிறு வேறுபாடுகளைப் பொறுத்துக்கொள்ளும் பூட்டு ஒன்றை ஆரி ஜூல்ஸும் மார்ட்டின் வாட்டன்பர்க்கும் 1999-இல் முன்வைத்தார்கள். சேமிப்பதற்கு முன் வார்ப்புருவை வேண்டுமென்றே உருக்குலைத்து, திருட்டுப்போனால் வேறு விதமாக உருக்குலைத்துப் புதிதாகப் பதிந்துகொள்ளும் முறையை ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2001-இல் விவரித்தார்கள். அருமையான யோசனைகள் இவை. நம் பள்ளிக்கு விற்கப்படும் கருவியில் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியின் கணினியைவிடப் பல மடங்கு காவல் உள்ள இடங்களிலிருந்தே கைரேகைகள் போயிருக்கின்றன. அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடப்பட்டது 2015-இல் வெளிவந்தது. கடவுச்சொல் திருட்டுப்போனால் மாற்றலாம். மின் அட்டை தொலைந்தால் வேறு வாங்கலாம். பத்து வயதில் திருட்டுப்போன கைரேகையோடுதான் அந்தக் குழந்தை எழுபது வயதிலும் இருக்கும். இந்தியாவில் இது வெறும் கற்பனைப் பயமல்ல. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து விரலை வைத்துப் பணம் எடுக்கலாம். நிலப் பத்திரங்களில் பதிந்திருந்த கைரேகைகளை நகலெடுத்துச் சிலிக்கோன் விரல் செய்து, இந்த வழியில் கணக்கைக் காலி செய்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன.

அடுத்தது, கருவி எத்தனை முறை தவறும் என்ற கணக்கு. கைப்பேசியைத் திறக்கும்போது கேள்வி ஒன்றுதான்: இது உரிமையாளரின் விரலா? உணவுக்கூட வரிசையில் பெயரோ எண்ணோ சொல்லாமல் விரலை மட்டும் வைத்தால் கேள்வி வேறு: பதிவாகியுள்ள ஆயிரம் பேரில் இது யார்? ஓர் ஒப்பீட்டில் வேறொருவரைத் தவறாக ஏற்கும் வாய்ப்பு 10,000-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரம் வார்ப்புருக்களோடு ஒப்பிடும்போது, பதிவே இல்லாத ஒரு விரல் யாரோ ஒருவருடைய கணக்கில் பொருந்திவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். இதைத் தடுக்க வரம்பை உயர்த்தினால், உண்மையான மாணவர்களையே கருவி மறுக்கத் தொடங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க வரம்பைத் திருகிப் பயனில்லை. பதிவின் தரம் உயர வேண்டும்.

குழந்தைகளிடம் அந்தத் தரம்தான் கிடைப்பதில்லை. பெரியவர்களின் விரலில் அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். சிறு குழந்தையின் விரலில் அதே வரிகள் நெருக்கமாக நிற்கும். பெரியவர்களுக்காகச் செய்த கருவிக்கு அவை ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். விரல் வளர வளர வடிவம் மாறாமல் இடைவெளி மட்டும் விரியும் என்பதால் பழைய பதிவு மெல்லப் பொருந்தாமல் போகிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஆதாரில் கைரேகை எடுப்பதில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். இதற்கான காரணம் இந்த வளர்ச்சிதான்.

முகம் இன்னும் வேகமாக மாறும். முக அடையாள மென்பொருள் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடத்தைக் கண்டு முகத்தை நேராக்கி, பயிற்சி பெற்ற நரம்பு வலைப்பின்னல் என்ற கணினி நிரலுக்குள் செலுத்தி, 128 அல்லது 512 எண்கள் கொண்ட வரிசையாக வெளியே எடுக்கிறது. இரண்டு வரிசைகளுக்கு இடையிலான தூரம் குறைவாக இருந்தால் ஒரே ஆள் என்று முடிவு. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2019-இல் 189 மென்பொருள்களை 1.8 கோடிக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு சோதித்தது. குழந்தைகள், முதியோர், பெண்கள், ஆசிய, ஆப்பிரிக்க முகங்கள் ஆகியோரிடம் ஆளை மாற்றிச் சொல்லும் பிழை கூடியது. சில மென்பொருள்களில் இனப் பிரிவுகளுக்கு இடையே அது 10 மடங்கு முதல் 100 மடங்கு வரை வேறுபட்டது. நம் ஊர் ஆறாம் வகுப்பு மாணவி இந்தப் பட்டியலில் எத்தனை இடங்களில் வருகிறாள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்வீடனின் வடக்கே ஷெலெஃப்டியோ என்ற நகராட்சி. அதன் ஆசிரியர்கள் வருகை எடுக்க ஆண்டுக்கு 17,000 மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கிட்ட நகராட்சி, 2018 இலையுதிர் காலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 22 மாணவர்களைக் கொண்டு மூன்று வாரம் முக அடையாளச் சோதனை நடத்தியது. பெற்றோரின் ஒப்புதல் வாங்கப்பட்டிருந்தது. ஆனாலும் 2019 ஆகஸ்டில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. அதன் காரணம் கவனிக்க வேண்டியது. மாணவர் பள்ளியைச் சார்ந்து நிற்பவர். மதிப்பெண்ணும் எதிர்காலமும் பள்ளியின் கையில் இருக்கும்போது அவர் தரும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கொள்ள முடியாது என்றது ஆணையம். வருகை எடுக்க இவ்வளவு ஊடுருவாத வழிகள் இருக்கின்றன என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வாதத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கருவி வேலை செய்கிறதா என்பதற்கு முன்னால், இந்த வேலைக்கு இந்தக் கருவி வேண்டுமா என்று அது கேட்கிறது. மார்செய், நீஸ் நகரங்களின் இரண்டு பள்ளி வாசல்களில் முக அடையாளம் வைக்கும் திட்டத்தைப் பிரெஞ்சு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தபோதும் வாதம் ஏறத்தாழ இதுவே. நியூயார்க் மாநிலம் 2023-இல் பள்ளிகளில் முக அடையாளத்தையே தடை செய்தது.

பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. அங்கே உணவுக்கூடங்களில் கைரேகை பழகிப்போன விஷயம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பெற்றோரில் ஒருவராவது எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். பெற்றோர் ஒப்பினாலும் குழந்தை மறுத்தால் பதியக் கூடாது. மறுத்த குழந்தைக்குப் பள்ளி மாற்று வழி தந்தாக வேண்டும். குழந்தையின் சொல் பெற்றோரின் கையெழுத்துக்கு மேல் நிற்கிறது! ஸ்காட்லாந்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே வடக்கு ஏர்ஷயரில் 2021 அக்டோபரில் ஒன்பது பள்ளிகள் மதிய உணவுக்கு முக அடையாளத்தைக் கொண்டுவந்து, எதிர்ப்பும் விசாரணையும் எழுந்த சில நாள்களிலேயே நிறுத்தி வைத்தன.

தமிழ்நாட்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் முகம் பார்த்து வருகை பதியும் முறை 2018 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அதே ஆண்டு செப்டம்பரில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும், ஆதார் எடுத்த குழந்தை 18 வயதானதும் அதிலிருந்து விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் 2019 மசோதாவில், கைரேகை, முகம் போன்ற பயோமெட்ரிக் தரவு தனிக் கவனம் பெறும் வகையாக வைக்கப்பட்டிருந்தது. சட்டமானபோது அந்த வகையே போய்விட்டது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்விச் செயல்பாட்டுக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்குமான கண்காணிப்பில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கும் தருகின்றன. குழந்தை தானே மறுக்கும் உரிமை இதில் எங்கும் இல்லை. இந்தக் குறை என்னை மிகவும் வருத்துகிறது, ஏனென்றால் விரல் அந்தக் குழந்தையுடையது.

தொழில்நுட்பத்துக்குள்ளேயே மென்மையான வழிகளும் இருக்கின்றன. வார்ப்புருவை மாணவரின் அட்டையிலேயே வைத்தால், அட்டையையும் விரலையும் ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டால் போதும். ஆயிரம் பேரின் கிடங்கு வேண்டியதில்லை, மேலே சொன்ன 10 சதவீதக் கணக்கும் மறைந்துவிடும். பிரான்சில் பள்ளி உணவுக்கூடங்களுக்குக் கைரேகையை விட்டுவிட்டு, கையின் வெளிக்கோட்டை அளக்கும் கருவியை அனுமதித்தார்கள். தொட்ட இடத்தில் தடம் பதியாது, குழந்தை வளர்ந்தால் அளவும் மாறிவிடும் என்பது அதன் சிறப்பு. எளிய அட்டையும், ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வருகைப் பதிவேடும் எப்போதும் போல இருக்கவே இருக்கின்றன.

உங்கள் பள்ளியில் கருவி வருகிறது என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலோ எழுந்து கேட்க வேண்டியவை இவை. வார்ப்புரு எங்கே இருக்கிறது, பள்ளிக் கணினியிலா, விற்ற நிறுவனத்தின் சர்வரிலா? திறக்கும் சாவி யாரிடம்? கருவி மறுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு வருகை போடுவதும் சாப்பாடு தருவதும் யார் பொறுப்பு? வேண்டாம் என்று சொல்லும் குழந்தை, தனி வரிசையில் நிற்க வைக்கப்படாமல், மற்றவர்களைப் போலவே நடத்தப்படுமா? மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில், நிறுவனத்திடம் உள்ள பிரதிகள் உட்பட எல்லாம் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் தருவீர்களா?