இன்டெக்ரேஷன்: இணைப்பா, இணைவா, இயைவா?

ஜெர்மனியில் குடியேறிய ஈழத்தமிழர்களுக்கு அரசுக் கடிதங்களைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வேலையைச் சில காலம் செய்திருக்கிறேன். கணவருடன் சேர்ந்து வாழ வந்திருந்த ஒரு பெண்ணுக்கு வந்த கடிதத்தில் ‘இன்டெக்ரேஷன்ஸ்கூர்ஸ்’ என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது. ‘ஒருங்கிணைப்பு வகுப்பு’ என்று மொழிபெயர்த்தேன். அவர் தாளை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆரை ஆரோடை அண்ணா ஒருங்கிணைக்கப் போகினம்?” என்று கேட்டார். மேலை நாடுகளில் குடியேறியோரைப் பற்றிப் பேசும்போது வரும் ‘இன்டெக்ரேஷன்’ என்ற சொல்லை வைத்து அரை நூற்றாண்டாக நடக்கும் வழக்கின் மையமே அந்தக் கேள்விதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘தொடுதல்’ என்னும் வினையோடு எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து ‘இன்டெகர்’ என்றாயிற்று. தொடப்படாதது, ஆகவே குறைவுபடாதது, ஆகவே முழுமையானது என்று அதன் பொருள் விரிந்தது. கணக்கில் முழுக்களைக் குறிக்கும் ‘இன்டிஜர்’, நேர்மையைக் குறிக்கும் ‘இன்டெக்ரிட்டி’ ஆகியவையும் இதே வேரில் பிறந்தவை. சிதைந்ததை மீண்டும் முழுமையாக்குவதே இன்டெக்ரேஷனின் பழைய பொருள். நம் பாடநூல்கள் கணிதத்தில் அதைத் ‘தொகையிடல்’ என்று பொருத்தமாகவே சொல்கின்றன. ஆக, புதிதாக வந்தவரை ஏற்கெனவே நிற்கும் ஒன்றில் ஒட்டவைப்பது என்ற கருத்து வேரிலேயே இல்லை. வந்தவரும் இருந்தவரும் சேர்ந்து ஒரு முழுமை ஆவது என்பதுதான் வேர் தரும் பொருள்.

இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் சொல் ‘அசிமிலேஷன்’. ஒன்றைப் போலாக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். இதற்குத் தமிழில் மிகத் துல்லியமான சொல் பள்ளி அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. உணவு செரித்து, உறிஞ்சப்பட்டு, உடலின் பகுதியாகவே மாறிவிடும் நிலையைத் ‘தன்மயமாதல்’ என்கிறோம். தின்ற சோறு சோறாக மிஞ்சுவதில்லை. குடியேறியவரிடம் அதை எதிர்பார்ப்பதே அசிமிலேஷன் என்பதால், ‘தன்மயமாக்கம்’ என்ற சொல்லை அப்படியே சமூகவியலுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 1966-இல் பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த ராய் ஜென்கின்ஸ் இவ்விரண்டையும் வெளிப்படையாகவே பிரித்துப் பேசினார்: இன்டெக்ரேஷன் என்பது எல்லோரையும் ஒரே அச்சில் தட்டையாக்குவதன்று, பரஸ்பர சகிப்புணர்வுள்ள சூழலில் பண்பாட்டு வேறுபாட்டோடு கூடிய சமவாய்ப்பே அது என்பது அவர் தந்த விளக்கம். அந்த விளக்கத்தில், பிற்காலத்தில் எதிரெதிர் அணியில் நிறுத்தப்பட்ட இன்டெக்ரேஷனும் பண்பாட்டுப் பன்மையும் ஒன்றாகவே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பண்பாட்டுப் பன்மையை ஏற்பதற்கு வழங்கும் பெயர் ‘மல்ட்டிகல்ச்சுரலிசம்’. இது அரசின் கொள்கையாக முதலில் அறிவிக்கப்பட்ட நாடு கனடா. ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் இரு மொழி, இரு பண்பாடு பற்றி ஆராய 1963-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் முன், உக்ரேனிய வழியினர் உள்ளிட்ட பிற சமூகத்தார் ‘அந்த இரண்டில் நாங்கள் எங்கே?’ என்று கேட்டனர். அதன் விளைவாக, 1971 அக்டோபர் 8 அன்று பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில், ஆட்சிமொழிகள் இரண்டு உண்டு, ஆட்சிப் பண்பாடு என ஒன்று இல்லை என்று அறிவித்தார். குடியேறியோர் ஆட்சிமொழிகளில் ஒன்றையேனும் கற்க அரசு துணைநிற்கும் என்பதும் அதே அறிவிப்பின் ஒரு பகுதி. 1988-இல் இது தனிச் சட்டமாயிற்று. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தை அந்நாட்டு மக்களவை 2016-இல் நிறைவேற்றியதற்கும் இந்த மரபே நிலைக்களன்.

இச்சொல்லுக்குத் தமிழில் வழங்கும் ‘பன்முகப் பண்பாடு’ பொருந்தாது. பன்முகம் என்பது ஒரே பொருளின் பல முகங்கள். அப்படிச் சொன்னால் பண்பாடு ஒன்றாகிவிடுகிறது. பண்பாடுகளே பல என்பதுதான் கருத்து என்பதால் ‘பல்பண்பாடு’ என்பதே சரி. புலம்பெயர்ந்தோர் வழங்கும் ‘பல்கலாசாரம்’ என்பதும் பொருளளவில் பிழையில்லை. இன்னும் முக்கியமானது, அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று பொருள்கள் அடங்கியிருப்பது. ஒரு நாட்டில் பல பண்பாட்டினர் வாழும் நிலையும், அதை அரசு நடத்தும் கொள்கையும், அதை நல்லதென நம்பும் கோட்பாடும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. 2010 அக்டோபரில் அன்றைய ஜெர்மன் அரசுத் தலைவி அங்கேலா மெர்க்கல், ஆளுக்கொரு பக்கமாக அருகருகே வாழ்ந்துவிடலாம் என்ற ‘மல்ட்டிகுல்ட்டி’ அணுகுமுறை முற்றிலும் தோற்றுவிட்டது என்று பேசியபோதும், 2011 பிப்ரவரியில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் மியூனிக்கில் அரசின் பல்பண்பாட்டுக் கோட்பாட்டைச் சாடியபோதும், அவர்கள் குறிவைத்தது ஒரு கொள்கையை. குடியேறிய குடும்பங்களின் காதில் விழுந்ததோ, தாங்கள் இங்கே வாழ்வதே தோல்வி என்பது. தமிழில் பல்பண்பாட்டு நிலை, பல்பண்பாட்டுக் கொள்கை, பல்பண்பாட்டியம் என்று மூன்றையும் பிரித்தெழுதும் வசதி நமக்கு உண்டு. செய்தி எழுதுவோர் அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இத்தாலியோடு 1955-இலும் துருக்கியோடு 1961-இலும் ஒப்பந்தம் செய்து ஆள் சேர்த்த ஜெர்மனி, வந்தவர்களை ‘விருந்தினத் தொழிலாளர்’ என்றே அழைத்தது. விருந்தினர் திரும்பிப் போவார்கள் என்ற எண்ணத்தில் தொடக்க காலத்தில் மொழி வகுப்புக்கு அரசு பெரிதாக எதுவும் செய்யவில்லை. 2005-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டமே இன்டெக்ரேஷன் வகுப்பைக் கொண்டுவந்தது. இப்போதைய பொது வகுப்பில் மொழிக்கு 600 பாடவேளைகள், நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம் பற்றி 100 பாடவேளைகள். நாட்டைப் பற்றிய பகுதியின் முடிவில் வரும் தேர்வில் 33 கேள்விகள். அவற்றில் 17-க்குச் சரியான விடை தந்தால் குடியுரிமைக்கு அது செல்லும். இன்டெக்ரேஷன் ‘ஊக்குவிக்கவும்படும், வலியுறுத்தவும்படும்’ என்பது அச்சட்டத்தின் வாசகம். ஜெர்மனில் அந்த இரு வினைகளுக்கும் இடையே ஓர் உயிரெழுத்தின் மேல் வரும் இரண்டு புள்ளிகள் மட்டுமே வேறுபாடு.

யார் யாரை என்பதை ஆங்கிலமும் ஜெர்மனும் இந்தப் பெயர்ச்சொல்லுக்குள் மறைத்துவிடுகின்றன. தமிழில் அது எளிதன்று. இணைதல் தன்வினை, இணைத்தல் பிறவினை. ‘இணைவு’ என்றால் தானே சேர்வது, ‘இணைப்பு’ என்றால் இன்னொருவர் சேர்ப்பது. ஆகவே ‘ஒருங்கிணைப்பு’ என்றதுமே, குடியேறியவர் செயப்படுபொருள் ஆகிவிடுகிறார். ‘ஒருங்கிணைப்பாளர்’ என்ற வழக்கால் அச்சொல்லுக்கு வேலைகளை ஒழுங்குபடுத்துதல் என்ற நிறமும் ஏறியிருக்கிறது. ‘ஒருமைப்பாடு’ நாட்டின் பிரிவினையற்ற நிலைக்கு உரியதாகிவிட்டது. ‘கலத்தல்’ நல்ல சொல்; புலம்பெயர்ந்த பலமொழி மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் ‘கலந்து இனிது’ வாழ்ந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் இன்றைய காதுக்குக் கலப்பு என்றால் பிரித்தறிய முடியாமல் போவது.

நான் முன்மொழிவது ‘இயைவு’. அடிகளின் இறுதி ஒன்றி வருவதை இயைபுத் தொடை என்கிறோம். ஓரடி மற்றோரடியாக மாறிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் செய்தியைச் சொல்லி, முடிவில் ஒலியால் ஒன்றுகிறது. ஓரடி மட்டும் இயைய முடியாது, இரண்டு வேண்டும். 2004 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற பொதுக் கோட்பாடுகளில் முதலாவது, இன்டெக்ரேஷன் குடியேறியோரும் உள்நாட்டாரும் ஒருவருக்கொருவர் இடம்கொடுக்கும் இருவழி நிகழ்வு என்பது; ‘இயைவு’ அதைக் கூடுதல் விளக்கமின்றியே சொல்லிவிடுகிறது. வந்தவரை மட்டும் மாறச்சொல்லும் சட்டத்தை மொழிபெயர்க்கும்போது ‘இணைப்பு’ என்றே எழுத வேண்டும், ஏனெனில் அங்கே அதுதான் நடக்கிறது.

இப்போது அத்தகைய கடிதம் கைக்கு வந்தால் ‘மொழியும் நாட்டு நடப்பும் கற்கும் இயைவு வகுப்பு’ என்று சொல்லி, எத்தனை பாடவேளை, கட்டணம் யார் கட்டுவது, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விகளுக்கு நேரே போய்விடுகிறேன்.