யார் பக்கத்திலிருந்து வந்தது?

மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பரிசோதனை அறிக்கையை மேசையில் வைத்ததும் பெரும்பாலும் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. "இது யார் பக்கத்திலிருந்து வந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போதே இருவரில் ஒருவர் தலை குனிந்திருக்கும். அநேகமாக அம்மா.

அப்படி வந்த ஒரு தம்பதியின் குழந்தைக்கு அகோன்ட்ரோபிளேசியா. கை, கால் எலும்புகள் குட்டையாகவே வளரும் நிலை. இரண்டு குடும்பத்திலும் அப்படி யாரும் இருந்ததில்லை. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், எதைக் கண்டு பயந்தாள் என்ற விசாரணையெல்லாம் வீட்டிலேயே நடந்து முடிந்திருந்தது. நான் சொன்ன பதில் அவர்கள் எதிர்பார்க்காதது: யார் வம்சத்திலிருந்தும் வரவில்லை. எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து புதிதாக மாறியிருந்தது. இந்த நிலையோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரம் கொண்டவர்கள்தான்.

அப்பாவிடமிருந்து 300 கோடி, அம்மாவிடமிருந்து 300 கோடி என்று டிஎன்ஏ எழுத்துகள் நமக்கு வருகின்றன. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் இத்தனையும் படியெடுக்கப்பட வேண்டும். கூடவே பிழை திருத்தும் புரதங்களும் வேலை செய்கின்றன. அவற்றையும் மீறிச் சில பிழைகள் தங்கிவிடுகின்றன. அப்படித் தங்குவதுதான் மரபணுப் பிறழ்வு. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதுப் பிறழ்வுகள் ஒவ்வொரு குழந்தைக்கும் சுமார் 60, 70 இருக்கும். எனக்கும் உண்டு, இதைப் படிக்கும் உங்களுக்கும் உண்டு. பெரும்பாலானவை புரதம் எதையும் உருவாக்காத பகுதிகளில் விழுந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் கிடக்கின்றன.

இந்தப் புதுப் பிறழ்வுகளில் முக்கால் பங்கு அப்பாவின் வழியாக வருகிறது. பெண்ணின் கருமுட்டைக்கான செல்கள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. விந்தணுவை உருவாக்கும் செல்களோ பருவ வயதிலிருந்து ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. படி அதிகமானால் பிழையும் கூடும். அப்பாவின் வயது ஓர் ஆண்டு ஏற ஏற ஒன்றிரண்டு பிறழ்வுகள் கூடுகின்றன. இதை நான் சொல்லும்போது தலை குனிவது இடம் மாறிவிடுகிறது என்பதால் உடனே சேர்த்துச் சொல்லிவிடுவேன்: எந்த எழுத்து மாற வேண்டும் என்று எந்த அப்பாவும் முடிவு செய்வதில்லை.

பிறழ்வு என்ற சொல்லே கொஞ்சம் சிக்கலானது. கேட்டதும் ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது. சினிமா பார்த்தவர்களுக்கு அதிசய சக்தி தோன்றுகிறது. நல்லதா கெட்டதா என்பது அந்த மாற்றத்துக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. இதற்கு அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்கு (புரதத்தின் கட்டுமானக் கல்லுக்கு) பதில் வாலின் என்ற வேறொன்று வந்துவிடுகிறது. அவ்வளவுதான். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. 1949-இல் லைனஸ் பாலிங்கின் குழு கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறில்தான் இருக்கிறது என்று காட்டியது. சில ஆண்டுகளில் வெர்னன் இங்கிராம் அது ஒரே அமினோ அமில மாற்றம் என்று கண்டுபிடித்தார். இவ்வளவு கொடிய மாற்றம் தலைமுறை தலைமுறையாக அழியாமல் நின்றது எப்படி? 1954-இல் ஆன்டனி அலிசன் பதில் சொன்னார். இந்த மாற்றத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றால்தான் இந்த நோய். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களை, அதாவது கேரியர்களை, கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா இருந்த இடங்களில் அவர்கள் அதிகம் பிழைத்தார்கள், அதிகம் பெற்றார்கள், மாற்றமும் பரவியது. மலேரியா இல்லாத ஊருக்கு அதே மரபணுவைக் கொண்டுபோனால் சுமை மட்டும்தான் மிச்சம். பரிணாமம் என்பது இந்தக் கணக்குதான். மாற்றம் தற்செயலாக வருகிறது. நிற்கிறதா போகிறதா என்பதைச் சூழலும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் தீர்மானிக்கின்றன.

கேரியர் விஷயத்தில் ஒரு தவறான கணக்கை அடிக்கடி கேட்கிறேன். இருவரும் கேரியர்களாக இருந்தால் நாலில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்று சொன்னால், "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்குப் பயமில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அதே 25 சதவீதம்தான். கேரியரா என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குழந்தை பெறத் திட்டமிடும் முன்பே செய்துகொள்வது நல்லது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு, படித்தவர்களிடமும்: தேவை வந்தால் உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளும், கிருமியும் மருந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பது. 1943-இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புருக்கும் இதைச் சோதித்தார்கள். பல குழாய்களில் தனித்தனியாக பாக்டீரியாவை வளர்த்து, பிறகு எல்லாவற்றையும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் தடவிய தட்டுகளில் ஊற்றினார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால் எல்லாத் தட்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை பிழைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பல தட்டுகளில் ஒன்றுகூட இல்லை, சிலவற்றில் ஏராளம். ஏராளமாக இருந்த குழாயில் தாங்கும் பிறழ்வு முன்னாடியே, வைரஸ் என்ற ஒன்றைக் காணாமலே, வந்து பெருகியிருந்தது. எளிமையான சோதனை, எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

ஆன்டிபயாடிக் விஷயமும் இதேதான். "என் உடம்புக்கு இந்த மாத்திரை பழகிவிட்டது" என்பார்கள். பழகியது உடம்பு அல்ல. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் பிறழ்வால் ஏற்கனவே தாங்கும் திறன் பெற்ற சில இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது. பாக்டீரியாக்கள் இப்படிப்பட்ட மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளவும் செய்யும். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். நோய் தீராது, மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுப்பது மட்டும் நடக்கும்.

வெயிலாலும் புகையாலும் தோலிலோ நுரையீரலிலோ உண்டாகும் பிறழ்வுகள் பிள்ளைகளுக்குப் போவதில்லை. அவை புற்றுநோயாகலாம், அது தனிக் கதை.

சரி, அந்தத் தம்பதிக்கு வருகிறேன். அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டார்கள். பெற்றோருக்கு இந்த நிலை இல்லாதபோது வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. அப்பா அல்லது அம்மாவின் இனப்பெருக்கச் செல்களில் ஒரு சிறு பகுதியில் மட்டும் பிறழ்வு ஒளிந்திருக்கக்கூடும். அதைச் சொன்னேன். அப்புறம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று இன்னொன்று போட்டிருக்கிறதே என்று கேட்டார் கணவர். இரவெல்லாம் அதை இணையத்தில் தேடியிருக்கிறார்.

அந்த வரிக்கு அர்த்தம் நோய் என்பதல்ல. நோய் இல்லை என்பதும் அல்ல. அது நம்மில் பலரிடம் இருக்கும் ஒரு சாதாரண வேறுபாடாகவே இருக்கலாம். அதை வைத்துக் கர்ப்பம் பற்றியோ அறுவை சிகிச்சை பற்றியோ முடிவெடுக்கக் கூடாது. கூடுதல் பேரின் தரவு சேரச் சேர இப்படிப்பட்ட மாற்றங்கள் மறுபடி வகைப்படுத்தப்படுகின்றன. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வந்து மறுபடி கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.