எஃப்.எம். லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால்

போன வாரம் கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஐந்து பெண்கள் எங்கள் சமூக வானொலிக்கு, அதாவது இந்த வட்டார மக்களுக்காகவே நடக்கும் சின்ன எஃப்.எம். நிலையத்துக்கு, வந்தார்கள். சுய உதவிக் குழு. "உங்கள் குழு பெயரில் சமூக வானொலி, மாதாமாதம் அரசாங்கமே சம்பளம் போடும்" என்று சொன்ன ஒருவரிடம் ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார்கள். தேயிலை பறித்துச் சேர்த்த காசு. வயிறு எரிந்தது. இந்த வருஷம் இது மூன்றாவது.

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மனதில் நிற்பதில்லை, அதனால் மறுபடியும் சொல்கிறேன். சமூக வானொலிக்கு அரசு மாதச் சம்பளம் தருவதில்லை. கருவிகள் வாங்க ஒரு பகுதி மானியம் உண்டு. அதற்கும் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கரண்ட் பில், ஊழியர் சம்பளம், யு.பி.எஸ். பேட்டரி எல்லாம் நடத்துகிற அமைப்பின் தலையில்தான். தொண்டு நிறுவனத்தின் திட்ட நிதி கொஞ்சம், கடைத்தெரு விளம்பரம் கொஞ்சம், அரசு விளம்பரம் கொஞ்சம் என்று ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுகிறோம். 2024-ல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக்கினார்கள், சரி. அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய். அரை நிமிட விளம்பரம் ஓடினால் 222 ரூபாய். அதுவும் தினமும் வராது. மழையில் ஆன்டெனா கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் அந்த மாத விளம்பரக் காசு அதற்கே போய்விடும்.

"கொடைக்கானல் எஃப்.எம். மதுரைக்கே கேட்குது, நம்மளுது குன்னூருக்குக் கேட்காதா தம்பி?" என்றார் ஓர் அக்கா. மலை முழுக்கக் கேட்கும், விளம்பரம் குவியும் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். கொடைக்கானல் அகில இந்திய வானொலி, பத்து கிலோவாட். எங்களுக்கு அனுமதி 100 வாட், ஆன்டெனா 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எதிரில் ஒரு முகடு வந்தால் அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்தான்.

தனி நபருக்கும் கட்சிக்கும் லாபத்துக்கு நடக்கும் கம்பெனிக்கும் இந்த உரிமம் கிடையாது. கல்வி நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பதிவு செய்து குறைந்தது மூன்று வருஷம் மக்கள் வேலை செய்த அமைப்புகள், இவர்கள்தான் கேட்க முடியும். விண்ணப்பம் நேரடியாகத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போகிறது. நடுவில் ஏஜென்ட் என்று ஒருவர் கிடையவே கிடையாது. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்படாமல் போலீசில் புகார் கொடுங்கள், போன் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். அப்புறம், இணையத்தில் கிடைக்கிற டிரான்ஸ்மிட்டரை வாங்கி வீட்டு மாடியில் ஓட்டும் இளைஞர்களே, அது குற்றம். தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.

வானொலியில் பேச வேண்டும் என்ற ஆசைதான் அந்தப் பெண்களை அந்த ஆளிடம் கொண்டுபோய் விட்டது. அதற்கு லைசென்ஸே வேண்டாம், எங்கள் நிலையத்துக்கு வந்தே பேசலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. எங்கள் நிகழ்ச்சிகளில் பாதியாவது இந்த ஊர் மக்களோடு சேர்ந்து இங்கேயே செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. அரசியல் செய்தி சொல்ல முடியாது. மழை எச்சரிக்கை, மண்சரிவு, மின்தடை சொல்லலாம். படுக மொழியில் பாடலாம், இருளர் மொழியில் கதை சொல்லலாம். காசு வாங்க மாட்டோம். வியாழக்கிழமை மதியம் ஒலிப்பதிவு அறை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.